பெட்ரோல் என்ஜின் ஈசியூ கேலிபிரேஷன்: பெஞ்ச்ல ஆரம்பிச்சு மலை ஏறுற வரைக்கும்

ஓரகடம், மறைமலை நகர் பக்கம் புதுசா வேலைக்கு சேர்ற பசங்க முதல் வாரமே கேக்குற கேள்வி ஒண்ணுதான், "அண்ணா, மேப்ல எந்த நம்பர மாத்தினா வண்டி நல்லா இழுக்கும்?" (மேப்னா ஈசியூக்குள்ள, அதாவது என்ஜின ஓட்டுற சின்ன கம்ப்யூட்டருக்குள்ள, இருக்குற எண் அட்டவணை.) நானும் சேந்த புதுசுல அப்படித்தான் கேட்டேன். இப்போ யாராவது கேட்டா லேப்டாப்ப மூடுப்பான்னு சொல்லிட்டு முதல்ல ஒயரிங்க காட்டுறேன். ஏன்னு படிக்க படிக்க புரியும்.

நான் எடுத்துக்குற உதாரணம் 3 சிலிண்டர், 1.2 லிட்டர், போர்ட் இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்கு முன்னாடி இன்டேக் குழாய்ல பெட்ரோல தெளிக்கிறது) பெட்ரோல் கார், மேனுவல் கியர், பிஎஸ்6 (நம்ம நாட்டு புகை விதி). டீசல், டர்போ, எலெக்ட்ரிக் எல்லாம் வேற கதை, ஆனா வேலை போற வரிசை கிட்டத்தட்ட இதேதான்.

முதல்ல ஒரு அடிப்படை. தையக்கடைல பேட்டர்ன் ஒண்ணுதான் இருக்கும், அளவு ஆளுக்கு ஆள் மாறும்ல, ஈசியூவும் அப்படித்தான். சாஃப்ட்வேர் பேட்டர்ன் மாதிரி, அத எழுதுறவங்க வேற டீம். அந்த சாஃப்ட்வேருக்குள்ள மாத்தக்கூடிய எண்கள், கர்வ், மேப் எல்லாம் சேத்து பல்லாயிரம் இருக்கும், இத லேபிள்னு சொல்லுவோம். எந்த என்ஜினுக்கு எந்த லேபிள்ல என்ன மதிப்பு வரணும்னு அளந்து, போட்டு, சரியான்னு சோதிக்கிறதுதான் கேலிபிரேஷன். அளக்குற டேப்பே தப்பா இருந்தா சட்டை எப்படி வரும்னு நான் சொல்ல வேணாம்.

டேபிள் மேல ஈசியூவ உயிர்ப்பிக்கிறது

தேவையான சாமான்: டெவலப்மென்ட் ஈசியூ, பவர் சப்ளை, பிரேக்அவுட் பாக்ஸ் (ஒவ்வொரு பின்னையும் தனியா தொட்டு அளக்க), கேன் இன்டர்ஃபேஸ் (கேன்ங்கிறது வண்டியில இருக்குற கம்ப்யூட்டருங்க பேசிக்கிற ரெண்டு ஒயர்), லேபிள படிச்சு மாத்துறதுக்கு இன்கா இல்ல கேனேப் மாதிரி ஒரு டூல், அப்புறம் ஹெக்ஸ் ஃபைலும் ஏ2எல் ஃபைலும். ஹெக்ஸ்ல இருக்குறது ஈசியூக்குள்ள போற பைட்டுங்க. எந்த லேபிள் எந்த அட்ரஸ்ல இருக்கு, அத என்ன ஃபார்முலாவுல டிகிரியாவோ கிலோபாஸ்கலாவோ மாத்தணும்னு சொல்றது ஏ2எல். இது ரெண்டும் ஒரே பில்டுல இருந்து வந்ததா இருக்கணும், இதுல விளையாடக்கூடாது.

பவர் சப்ளைல கரன்ட் லிமிட்ட 2 ஆம்பியர்கிட்ட வச்சிட்டு ஆரம்பிங்க, ஒயர் எங்கயாவது தப்பா போயிருந்தா புகை வராம சப்ளை மட்டும் இறங்கும். பவர் போடுறதுக்கு முன்னாடியே மல்டிமீட்டர எடுத்து கேன் ஹைக்கும் கேன் லோவுக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் பாருங்க, 60 ஓம் வரணும். ரெண்டு முனையிலயும் 120 ஓம் இருக்குறதால பாதியா காட்டும். 120 காட்டினா ஒரு முனை டெர்மினேஷன் இல்லன்னு அர்த்தம், 40 காட்டினா யாரோ மூணாவதா ஒண்ணு செருகியிருக்காங்க. அரை நிமிஷ வேலை இது, இத செய்யாம டூல ரீஇன்ஸ்டால் பண்ணி அரை நாள் போக்கினவங்கள நான் பாத்திருக்கேன்.

கனெக்ட் பண்ணும்போது டூல் ஒரு அடையாள எண்ண ஒப்பிட்டு பாக்கும். பொருந்தலன்னா ஒரு வார்னிங் வரும், அதுல "தொடரவா?"ன்னும் ஒரு பட்டன் இருக்கும். அந்த பட்டன அழுத்தாதீங்க. ஒருத்தன் அழுத்திட்டான், கூலன்ட் டெம்பரேச்சர் 613 டிகிரின்னு வந்துச்சு. அது கூட நல்லதுதான், தப்புன்னு உடனே தெரிஞ்சுது. உண்மையான ஆபத்து என்னன்னா தப்பான அட்ரஸ்ல இருந்து நம்புற மாதிரி ஒரு எண் வர்றது. அத விட மோசம், நீங்க ஐடில் ஸ்பீட மாத்துறோம்னு நெனச்சு வேற ஏதோ மேப்புக்குள்ள எழுதிட்டு இருப்பீங்க.

ஈசியூக்குள்ள ரெஃபரன்ஸ் பேஜ், ஒர்க்கிங் பேஜ்னு ரெண்டு இருக்கும். ரெஃபரன்ஸ் தொட முடியாது, ஒர்க்கிங்ல மாத்தலாம், என்ஜின் ஓடிட்டு இருக்கும்போதே ஒரு கிளிக்ல ரெண்டுக்கும் நடுவுல மாறி வித்தியாசம் பாக்கலாம். இது ரொம்ப பெரிய வசதி, நிறைய பேர் பயன்படுத்துறதே இல்ல. அளக்குறதுக்கு எக்ஸ்சிபி புரோட்டோகால், அதாவது டூலும் ஈசியூவும் பேசிக்கிற முறை. கேன் வழியா போனா ஒரு ஃப்ரேம்ல 8 பைட்டு, அதுல ஒண்ணு அடையாளத்துக்கே போயிடும். அதனால எல்லா சிக்னலையும் 10 மில்லிசெகண்ட்ல எடுக்க முடியாது. கூலன்ட் டெம்பரேச்சர் 100 மில்லிசெகண்ட்ல வந்தா போதும், அது ஓடிடாது. மிஸ்ஃபயர் (ஒரு சிலிண்டர் எரியாம போறது), நாக் (பெட்ரோல் தானா வெடிச்சு தட்டுறது) மாதிரி விஷயங்கள கிராங்க் சுத்துறதுக்கு ஏத்த மாதிரி எடுக்கணும், அதுக்கு இடிகே மாதிரி நேரா மெமரிகூட பேசுற ஹார்ட்வேர் இருந்தா நிம்மதி.

ஹில் ரிக்: வண்டி இல்லாம வண்டிய ஏமாத்துறது

என்ஜின்ல ஏத்துறதுக்கு முன்னாடி ஹில், மலை இல்ல, ஹார்ட்வேர் இன் த லூப். ஈசியூவுக்கு எதிர்ல ஒரு கம்ப்யூட்டர் உக்காந்து என்ஜின் மாதிரி நடிக்கும். 60ல 2 பல்லு இல்லாத கிராங்க் சிக்னல், கேம் சிக்னல், சென்சார் வோல்டேஜ் எல்லாம் அது தரும், ஈசியூ ஒரிஜினல் என்ஜின்தான் ஓடுதுன்னு நம்பிட்டு இன்ஜெக்டர், காயில் எல்லாத்தையும் இயக்கும்.

இங்க செய்ய வேண்டியது வண்டில செய்ய முடியாதது, செய்யக்கூடாதது. ஒவ்வொரு பின்னையும் கிரவுண்டுக்கு ஷார்ட் பண்ணு, பேட்டரிக்கு ஷார்ட் பண்ணு, ஒயர அறு, சரியான ஃபால்ட் கோட் வருதா, எவ்ளோ நேரத்துல வருது, சரி பண்ணினா போகுதா. இதையெல்லாம் ஸ்கிரிப்ட் போட்டு ராத்திரி ஓட விட்டுட்டு காலைல வந்து ரிப்போர்ட் பாருங்க, கையால பண்ணினா தீபாவளி வரைக்கும் முடியாது.

நான் ஒரு பிடி அதிகமா நேரம் குடுக்கிறது ஆக்சிலரேட்டர் பெடல் சென்சாருக்கு. அதுல ரெண்டு டிராக் இருக்கும், பெரும்பாலும் ஒண்ணோட வோல்டேஜ் இன்னொண்ணுல சரிபாதி. முதல் டிராக் 2 வோல்ட்னா அடுத்தது 1 வோல்ட். ஹில்ல ரெண்டாவத மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா, 1.05, 1.1ன்னு நகத்துங்க. எந்த இடத்துல ஈசியூ "இத நம்ப மாட்டேன்"னு சொல்லி லிம்ப் ஹோமுக்கு (சக்திய குறைச்சு நொண்டி வீடு போய் சேர்ற மோடு) போகுதுன்னு குறிச்சிக்கோங்க. ரொம்ப டைட்டா வச்சிருந்தா மழைக்காலத்துல கனெக்டர்ல கொஞ்சம் ஈரம் ஏறினாலே வண்டி நடுரோட்டுல நொண்டும், ரொம்ப லூசா வச்சா டிரைவர் கேக்காத டார்க் (முறுக்கு விசை) வரும். இந்த ஒரு டாலரன்ஸ் லேபிளுக்கு சேஃப்டி டீமோட சண்டை போட்டே ஒரு வாரம் போகும், போகட்டும். ஐஎஸ்ஓ 26262, அதாவது வண்டி எலெக்ட்ரானிக்ஸ் பாதுகாப்புக்கான தரம், வந்ததுக்கு அப்புறம் இதுக்கெல்லாம் காரணம் எழுதி வைக்காம யாரும் கையெழுத்து போட மாட்டாங்க.

இன்னும் ரெண்டு டெஸ்ட் கண்டிப்பா பண்ணுங்க. ஒண்ணு, கிராங்கிங் வோல்டேஜ் இறக்கம், ஸ்டார்ட்டர் சுத்தும்போது பேட்டரி 6 வோல்ட் பக்கம் விழுற மாதிரி பல்ஸ் குடுத்து ஈசியூ ரீசெட் ஆகுதான்னு பாக்குறது. ரெண்டு, ஃபிளாஷ் பண்ணிட்டு (சாஃப்ட்வேர ஏத்திட்டு) இருக்கும்போது பாதில பவர புடுங்குறது. புரோகிராமிங் செஷன், சீட் கீ (பாஸ்வேர்டு மாதிரி), டவுன்லோட்னு ஓடிட்டு இருக்கும்போது 30 சதவீதத்துல, 70 சதவீதத்துல, கடைசி செக்சம் (ஏறினது சரியான்னு பாக்குற) நேரத்துலன்னு வேற வேற இடத்துல அறுங்க. திரும்ப பவர் போட்டா பூட்லோடர் (சாஃப்ட்வேர ஏத்திக்கிற அடிப்படை புரோகிராம்) உயிரோட இருக்கணும், மறுபடி ஃபிளாஷ் எடுத்துக்கணும். சர்வீஸ் சென்டர்ல கரன்ட் போகும், அது நம்ம ஊர்ல நிச்சயம்.

என்ஜின் டைனோ: மேப்ப தொடாதீங்க, முதல்ல சென்சார்

டைனோங்கிறது என்ஜின ஒரு ரூம்ல பூட்டி லோடு குடுத்து ஓட்டுற மேடை, அந்த ரூம செல்னு சொல்லுவோம். என்ஜின் ராத்திரி பூரா நின்னிருக்கணும். காலைல இக்னிஷன் மட்டும் ஆன், என்ஜின் ஆஃப். இப்போ மேனிஃபோல்ட் பிரஷர் சென்சார் காட்டுறதும் செல்லோட பாரோமீட்டர் காட்டுறதும் ஒண்ணா இருக்கணும், சென்னைல சுமார் 100, 101 கிலோபாஸ்கல். கூலன்ட், இன்டேக், செல் ரூம் டெம்பரேச்சர் மூணும் ரெண்டு மூணு டிகிரிக்குள்ள ஒத்துப்போகணும். பெடல் முழுசா விட்டா 0, முழுசா மிதிச்சா 100. இது ஒத்துவரலன்னா அன்னைக்கு என்ஜின ஸ்டார்ட்டே பண்ணாதீங்க.

அடுத்தது இன்ஜெக்டர். சப்ளையர் குடுத்த ஃப்ளோ ரேட், அப்புறம் டெட் டைம். கரன்ட் குடுத்ததுல இருந்து நீடில் திறக்குறதுக்கு ஆகுற நேரம் இது, 14 வோல்ட்ல சுமார் 1 மில்லிசெகண்ட், வோல்டேஜ் குறைய குறைய நீளும். இத தப்பா போட்டா ஐடில்லதான் முதல்ல அடி விழும், ஏன்னா அங்க மொத்த இன்ஜெக்ஷனே ரெண்டு மூணு மில்லிசெகண்ட்தான்.

இப்போதான் காத்து, அதாவது சிலிண்டர் எவ்ளோ காத்த இழுக்குதுன்னு சொல்ற மேப். லேம்ப்டாங்கிறது பெட்ரோல் எரியத் தேவையான காத்துக்கு எத்தன மடங்கு இருக்குன்னு சொல்ற எண், 1 சரி, மேல போனா லீன் (பெட்ரோல் குறைவு), கீழ போனா ரிச் (பெட்ரோல் அதிகம்). சென்சார பாத்து பெட்ரோல தானா திருத்துற லேம்ப்டா குளோஸ்ட் லூப்ப ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா உங்க மேப் தப்ப அது மறைச்சிடும். ஆர்பிஎம், லோடுன்னு கட்டம் கட்டமா ஓட்டி ஒவ்வொண்ணுலயும் டெம்பரேச்சர் நிலையாகுற வரைக்கும் காத்திருந்து, 20, 30 செகண்ட் ரெக்கார்ட் பண்ணி, வைட்பேண்ட் லேம்ப்டாவோட சராசரிய எடுங்க. கணக்கு சிம்பிள், மேப்ல இருக்குற பழைய வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சிய (சிலிண்டர் காத்தால எவ்ளோ நிறையுதுங்கிற எண்) அளந்த லேம்ப்டாவால பெருக்கி இலக்கு லேம்ப்டாவால வகுக்கணும். 1.05 காட்டுதுன்னா லீன், அப்போ மேப்ல அந்த கட்டம் 5 சதவீதம் ஏறணும். ஏஎஃப்ஆர்ல (காத்துக்கும் பெட்ரோலுக்கும் உள்ள எடை விகிதம்) பேசாதீங்க, லேம்ப்டால பேசுங்க. 14.7ங்கிறது எத்தனால் கலக்காத பெட்ரோலோட எண், இப்போ பங்க்ல வர்ற இ20க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) அது 13.5 பக்கம் இறங்கிடும். லேம்ப்டா 1ன்னா எந்த பெட்ரோலுக்கும் 1தான்.

இங்கதான் என் கதை. ஒரு புரோட்டோ வண்டில குறைஞ்ச லோடு கட்டங்கள் மட்டும் 8 சதவீதம் லீனா காட்டிட்டே இருந்துச்சு. நான் மேப்ப ஏத்தினேன், சரியாச்சு, மறுநாள் வந்தா மறுபடி லீன், மறுபடி ஏத்தினேன். மூணு நாள். மேப்போட அந்த மூலை மட்டும் ஒரு குன்னு மாதிரி எழும்பி நின்னுச்சு, பாத்தாலே அசிங்கமா இருக்கும், ஆனா லேம்ப்டா சரியா வருதேன்னு சமாதானம். நாலாம் நாள் எங்க ஒர்க்‌ஷாப் மெக்கானிக் அண்ணன் டீ குடிச்சிட்டு வந்து என் ஸ்கிரீன பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, கனமான கிளவுஸ மாட்டிக்கிட்டு ஒரு அழுக்குத் துணிய சுருட்டி சைலன்சர் வாயில அமுக்கி புடிச்சாரு. "கேளு தம்பி." எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கத்துல இருந்து உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம். சென்சாருக்கு முன்னாடி கேஸ்கெட்ல லீக். குறைஞ்ச லோடுல எக்ஸாஸ்ட் துடிப்புக்கு நடுவுல வெளிக்காத்து உள்ள இழுபட்டு, சென்சார் அந்த ஆக்சிஜன பாத்து லீன்னு சொல்லியிருக்கு. என்ஜினுக்குள்ள நடந்தது நேர் எதிர், நான் மூணு நாளா பெட்ரோல கொட்டி ரிச்சா ஓட்டிட்டு இருந்திருக்கேன். பிளக்க கழட்டினா கரி.

அதுக்கப்புறம் மேப் வழுவழுன்னு இல்லாம ஒரு கட்டம் மட்டும் துருத்திக்கிட்டு நின்னா நான் முதல்ல ஹார்ட்வேரத்தான் சந்தேகப்படுறேன். காத்து அப்படி திடீர்னு துள்ளாது, கேம் டைமிங் மாறுற இடம் மாதிரி காரணம் இருந்தா ஒழிய.

ஸ்பார்க். ஒவ்வொரு கட்டத்துலயும் டைமிங்க ரிட்டார்டுல (லேட்டா) ஆரம்பிச்சு 2 டிகிரி 2 டிகிரியா அட்வான்ஸ் (முன்னாடி) பண்ணுங்க, டார்க் ஏறிட்டே வந்து ஒரு இடத்துல தட்டையாகும். அந்த தட்டையோட ஆரம்பம்தான் உங்களுக்கு வேணும். உச்சிய துரத்தாதீங்க, அங்க அரை நியூட்டன் மீட்டர் கிடைக்கும், நாக் ரிஸ்க் பல மடங்கு ஆகும். அதிக லோடுல தட்டையாகுறதுக்கு முன்னாடியே நாக் வந்துடும், அங்க அதுதான் எல்லை. நாக் சத்தத்தோட அலைவரிசை சிலிண்டர் விட்டத்த பொறுத்தது, 74 மில்லிமீட்டர் போர்னா சுமார் 7.7 கிலோஹெர்ட்ஸ், ஃபில்டர அத சுத்தி வச்சு தேடுங்க. வால்வு உக்கார்ற சத்தமும் அதே நேரத்துல வந்து குழப்பும், அதனால எந்த கிராங்க் கோணத்துல கேக்கணும்னு விண்டோவும் செட் பண்ணணும். அப்புறம் இன்டேக் சூட்டுக்கான திருத்தம். மே மாசம் கிண்டி டிராஃபிக்ல ஏசி போட்டு நிக்கிற வண்டில இன்டேக் காத்து 60 டிகிரி தாண்டும், 25 டிகிரி செல்லுல போட்ட ஸ்பார்க் அங்க செல்லாது.

டார்க் மாடல், த்ராட்டில் மாடல், ஃபுல் லோடுல கேட்டலிஸ்ட் (எக்ஸாஸ்ட் புகைய சுத்தம் பண்றது) உருகாம இருக்க எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் பாதுகாப்பு, இதெல்லாம் இதுக்கு மேல கட்டுறது. அடித்தளம் சரியா இருந்தா தானா வரும்னு சொல்ல மாட்டேன், ஆனா பாதி சண்டை குறையும்.

கோல்ட் ஸ்டார்ட், ஒரு நாளைக்கு ஒண்ணு

எமிஷன்ல பெரும்பகுதி முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துலதான் வெளிய போகுது, ஏன்னா கேட்டலிஸ்ட் சுமார் 250, 300 டிகிரி வந்தாதான் வேலையே செய்யும். அதனால ஸ்டார்ட் ஆனதும் ஸ்பார்க்க ரிட்டார்ட் பண்ணி, ஐடில கொஞ்சம் உயத்தி வச்சு, சூட்ட எக்ஸாஸ்டுக்கு தள்ளுவோம். ரொம்ப தள்ளினா என்ஜின் நடுங்கும், கஸ்டமர் ஷோரூம்லயே மூஞ்ச சுளிப்பாரு.

இதுல கஷ்டம் என்னன்னா வண்டி குறைஞ்சது 6 மணி நேரம் சோக் ஆகணும் (ஓட்டாம நிறுத்தி ஆற விடணும்), நடைமுறைல ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு நல்ல ஸ்டார்ட், அதிகபட்சம் ரெண்டு. அஞ்சு லேபிள ஒரே நேரத்துல மாத்திட்டு ஸ்டார்ட் பண்ணினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது, அந்த நாள் போச்சு. ராத்திரியே எழுதி வைங்க, நாளைக்கு எத மாத்தப் போறோம், என்ன எதிர்பாக்குறோம்னு.

கூடவே டிரான்சியன்ட், அதாவது பெடல் சட்டுனு மாறுற கணங்கள். போர்ட் இன்ஜெக்ஷன்ல பெட்ரோல் கொஞ்சம் இன்டேக் சுவத்துல ஒட்டிக்கும், சூடா இருந்தா குறைவா, குளிர்ல அதிகமா. பெடல சட்டுனு மிதிச்சா லேம்ப்டா ஒரு கணம் லீன் பக்கம் குதிக்கிறது அதனாலதான். கூலன்ட் டெம்பரேச்சர் ஏற ஏற இந்த குதிப்ப அளந்து சமன் பண்ணணும், பொறுமைய சோதிக்கிற வேலை.

சேசிஸ் டைனோவும் ரோடும்

பிஎஸ்6 பெட்ரோல் காருக்கு எல்லை ஒரு கிலோமீட்டருக்கு கார்பன் மோனாக்சைடு 1 கிராம், ஹைட்ரோகார்பன் 0.1, நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) 0.06. சேசிஸ் டைனோல, அதாவது உருளை மேல வண்டிய நிறுத்தி, ஓட்டுற மாடிஃபைடு இந்திய டிரைவிங் சைக்கிள் 1180 செகண்ட், உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். எல்லைய தொட்டு நிக்கிற ரிசல்ட்ட வச்சுக்கிட்டு பாஸுன்னு சந்தோஷப்படாதீங்க, கேட்டலிஸ்ட் பழசாகும், வண்டிக்கு வண்டி மாறும், எல்லைல பாதிக்கு கீழ வந்தா நான் தூங்குவேன்.

2023 ஏப்ரல்ல இருந்து ரியல் டிரைவிங் எமிஷனும் வந்தாச்சு, அளக்குற கருவியையே வண்டி பின்னாடி கட்டிட்டு ரோட்டுல ஓட்டணும். இதுக்குப் பின்னாடி எல்லாருக்கும் தெரிஞ்ச கதை ஒண்ணு இருக்கு. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காரங்க இதே மாதிரி கருவிய கட்டி ரோட்டுல அளந்தப்போதான் ஃபோக்ஸ்வேகன் டீசல்ல லேபுக்கும் ரோட்டுக்கும் இருந்த வித்தியாசம் வெளிய வந்துச்சு, 2015 செப்டம்பர்ல அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இபிஏ நோட்டீஸ் விட்டுச்சு. டெஸ்ட்டுல ஒரு மாதிரி, ரோட்டுல ஒரு மாதிரி ஓடுற அளவுக்கு ஈசியூக்குள்ள வேலை நடந்திருந்துச்சு. நம்ம கைல இருக்குற லேபிள்களுக்கு எவ்ளோ சக்தின்னு புது பசங்களுக்கு நான் இத வச்சுத்தான் புரிய வைப்பேன்.

அப்புறம் ஊர் சுத்தல். கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது கியர்ல பெடல விட்டு விட்டு மிதிக்கிறதுக்கு அத விட நல்ல டெஸ்ட் டிராக் கிடைக்காது, எங்க ஜெர்க் அடிக்குதுன்னு முதுகே சொல்லிடும். ஊட்டி 2,240 மீட்டர், அங்க காத்தழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல். லே போனா 65 பக்கம். அங்க டார்க் குறையுறத எல்லாரும் எதிர்பாப்பாங்க, பிரேக் பூஸ்டருக்கு கிடைக்கிற வேக்குவம் குறையுறத மறந்துடுவாங்க. ஏசி ஆன், ஸ்டீயரிங் முழுசா ஒடிச்சு, பிரேக்க நாலு தடவ மிதிச்சு பாருங்க, ஐடில் தாங்குதான்னு. வெயிலுக்கு ராஜஸ்தான்.

ஓபிடி: நம்ம ரோடு வைக்கிற டெஸ்ட்

ஓபிடின்னா வண்டி தன் கோளாற தானே கண்டுபிடிச்சு லைட் போடுற ஏற்பாடு. மிஸ்ஃபயர கண்டுபிடிக்கிறது கிராங்க் வேகத்துல வர்ற நுணுக்கமான தடுமாற்றத்த வச்சு. ஒரு சிலிண்டர் எரியலன்னா அந்த கோணத்துல கிராங்க் கொஞ்சம் தொய்யும். வேணும்னே சில சைக்கிள் இன்ஜெக்ஷன கட் பண்ணி, அந்த தொய்வு எவ்ளோன்னு ஆர்பிஎம், லோடு வாரியா அளந்து, த்ரெஷோல்ட் வைக்கணும். பிரச்சனை என்னன்னா பெயர்த்து போட்ட ரோட்டுல போனாலும் சக்கரம் வழியா அதே மாதிரி தடுமாற்றம் கிராங்குக்கு வரும். வெளிநாட்டு வண்டில இருந்து வந்த த்ரெஷோல்ட அப்படியே வச்சு ஒரு புரோட்டோவ கேபிள் தோண்டிப் போட்ட ரோட்டுல ஓட்டினோம், ரெண்டு கிலோமீட்டர்ல பி0300 (மிஸ்ஃபயர் கோட்), லைட் எரியுது. என்ஜின்ல ஒரு குறையும் இல்ல. அதுக்குத்தான் ரஃப் ரோட்ட கண்டுபிடிக்கிற ஃபங்ஷன் இருக்கு, வீல் ஸ்பீடு சிக்னல வச்சு "இது ரோடு பண்ற வேலை"ன்னு சொல்லி அந்த நேரம் மிஸ்ஃபயர் மானிட்டர நிறுத்தி வைக்கும். ஆனா ரொம்ப தாராளமா நிறுத்தினா நம்ம ஊர்ல மானிட்டர் ஓடவே ஓடாது. நல்ல ரோடு, கெட்ட ரோடு, ஸ்பீட் பிரேக்கர் வரிசை, தண்டவாள கிராசிங் எல்லாத்துலயும் டேட்டா எடுத்துட்டுதான் அந்த லேபிள மூடணும்.

கேட்டலிஸ்ட் மானிட்டரும் இதே இழுபறிதான், புதுசு ஒண்ணும் அடுப்புல வச்சு வேணும்னே பழசாக்கினது ஒண்ணும் மாத்தி மாட்டி, ரெண்டு ரிசல்ட்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழாத இடத்துல கோடு போடணும்.

டேட்டாவ மூடுறது

பத்து பேர் பத்து ஃபங்ஷன் பாப்பாங்க. ஒவ்வொரு லேபிளுக்கும் ஒரு சொந்தக்காரர், ஒவ்வொரு மாத்தத்துக்கும் தேதி, காரணம், எந்த ரெக்கார்டிங்ல பாத்தது, இது இல்லாத டேட்டாவ நான் மெர்ஜ் பண்ண விடுறதில்ல. "சும்மா டிரை பண்ணினேன்"ங்கிறது காரணத்துல சேராது.

ஃப்ரீஸ் அன்னைக்கு ஃபைனல் ஹெக்ஸ ஃபிளாஷ் பண்ணிட்டு அதோட நிறுத்தாதீங்க. ஈசியூல இருந்து திரும்ப படிச்சு எடுத்து, ரிலீஸ் ஃபைலோட பைட்டு பைட்டா ஒப்பிடுங்க, வித்தியாசம் பூஜ்யம் வரணும். அதோட விடாம போன ரிலீஸோடயும் ஒப்பிட்டு, மாறின லேபிள் ஒவ்வொண்ணும் லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க. ஒரு தடவ அப்படி பாத்தப்போ 412 லேபிள் மாறியிருந்துச்சு, லிஸ்ட்ல 411தான். சாயங்காலம் ஆறரை, கம்பெனி பஸ் கிளம்பப்போகுது, ஒண்ணுதானே விடுன்னு ஒருத்தர் சொன்னாரு. தேடினோம். டைனோல காத்து மேப் எடுக்கும்போது லேம்ப்டா குளோஸ்ட் லூப்ப ஆஃப் பண்ண சொன்னேன்ல, அந்த ஸ்விட்ச், அப்படியே ஆஃப்ல உக்காந்திருந்துச்சு. மாத்தினவங்க பேரு இருக்குற இடத்துல என் பேரு. பஸ் போயிடுச்சு, ஷேர் ஆட்டோல வீட்டுக்கு வந்தேன்.